பாலாத்து பக்கம் நெலத்துல மண்புழுவே இல்ல: குரோமியமா, உப்பா?

பாலாத்துப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கம் எங்களுக்கு கொஞ்சம் நெலம் இருக்குது, அதோட கீழ்க்கடைசி ஒரு ஓடைய ஒட்டி வருது. ஒரு காலத்துல தோல் ஷாப்பு தண்ணி அந்த ஓடைலதான் ஓடும், இப்ப ஓடறதில்ல, ஆனா கெணத்து தண்ணி இன்னும் வாய்ல வெக்க முடியாது. விஷயம் இன்னான்னா, மழை பேஞ்ச மறுநாள் மேட்டு பக்கம் வரப்போரமா புழு எச்சம் குருணை குருணையா கெடக்குது, மம்முட்டி போட்டா புழுவும் வருது. ஓடை பக்கம் எங்க தோண்டுனாலும் ஒன்னு கூட இல்ல. பெரியப்பா "குரோமியம்டா அது, பூமி செத்துப்போச்சு, வந்த வெலைக்கு தள்ளி வுடு"ன்றார். உரம் விக்கற ஒருத்தர் வந்து "ஏக்கருக்கு இத்தன கிலோ மண்புழு வாங்கி வுடுங்க, அது கன உலோகத்தெல்லாம் தின்னு நெலத்த கிளீன் பண்ணிடும்"ன்றார். யூட்யூப்லயும் அதேதான் சொல்றாங்க. நெஜமாவே அப்டி ஆவுமா? காசு குடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டவுட்டு_டேவிட்:
எனக்கும் இதே கேள்வி இருக்கு, தொடர்றேன்.

கொங்கு_மண்புழு:
தம்பி, நான் ரொம்ப வருஷமா மண்புழு உரம் போடறனுங்க. புழு ரொம்ப கெட்டி ஜீவனுங்க. காய்கறி மார்க்கெட் கழிவு, சர்க்கரை ஆலை பிரஸ் மட், எதைப் போட்டாலும் தின்னு உரமாக்கிப் போடுது. உலோகம் இருக்கற கழிவுல கூட வளருதுன்னு ஆராய்ச்சி எல்லாம் வந்துருக்குதுங்க. தைரியமா வாங்கி விடுங்க, ஒரு வருஷத்துல வித்தியாசம் தெரியும். தொட்டில இருந்து எடுத்து அப்படியே வெயில்ல கொட்டிடாதீங்க, சாயங்காலமா ஈரம் பாத்து விடோணும்.

மண்_லேப்:
கொங்கு அண்ணா, புழு கெட்டின்றது ஓரளவு சரி, ஆனா "கிளீன் பண்ணிடும்" தப்பு. உலோகம்றது ஒரு தனிமம், எந்த உயிரும் அதை செரிச்சு இல்லாம ஆக்க முடியாது. பூச்சிமருந்து மாதிரி உடைஞ்சு வேற பொருளா போறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. ஈயம் புழு வயித்துக்குள்ள போனாலும் ஈயம், எச்சமா வெளிய வந்தாலும் ஈயம், புழு செத்து மக்குனா மறுபடி மண்ணுக்கே வரும்.

நான் மண் உயிரியல்ல வேலை பாக்கறவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாத்தான் மூச்சு. அதனால மண்ணுல இருக்கற தண்ணில எது கரைஞ்சிருக்கோ அது நேரா தோல் வழியா உள்ள போயிடும். ரெண்டாவது வழி வாய், அது மண்ணையே முழுங்கி வாழற பிராணி, அந்த மண்ணோட ஒட்டியிருக்கற உலோகத்துல ஒரு பங்கு குடல்ல கழண்டு உடம்புல சேரும். இப்படி ரெண்டு பக்கமும் மாட்டிக்கிறதாலதான் மண் மாசை அளக்க உலகம் பூரா மண்புழுவ வெச்சு டெஸ்ட் பண்றாங்க. ஓஇசிடின்ற பல நாடுகள் சேந்த அமைப்பு 1984லயே இதுக்கு ஒரு முறை போட்டாங்க, 70 சதவீதம் மணல், 20 சதவீதம் கயோலின் களிமண், 10 சதவீதம் பீட் (சதுப்பு நிலத்து மக்கு) கலந்த செயற்கை மண்ணுல புழுவ விட்டு 14 நாள்ல எத்தனை சாவுதுன்னு பாக்கறது. அப்புறம்தான் சாவை மட்டும் எண்ணுனா பத்தாதுன்னு 2004ல இனப்பெருக்க டெஸ்ட் ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுல 28 நாள்ல பெரிய புழுவ எல்லாம் எடுத்துட்டு, 56வது நாள் குட்டிங்கள எண்ணுவாங்க.

ஏன் பத்தாதுன்னா, 1994ல இங்கிலாந்துல ஐசீனியா ஃபெட்டிடான்ற தொட்டிப் புழுவ வெச்சு பண்ண ஒரு ஆய்வ பாருங்க. 56 நாள்ல பாதி புழு சாக கிலோ மண்ணுக்கு 555 மில்லிகிராம் தாமிரம் வேணும். ஆனா முட்டைக்கூடு போடறது பாதியா குறைய 53 மில்லிகிராமே போதும், அதாவது பத்துல ஒரு பங்குக்கும் கீழ. காட்மியத்துல இன்னும் மோசம், 300 மில்லிகிராம் வரைக்கும் போட்டும் பாதி சாகல, ஆனா முட்டைக்கூடு 46லயே பாதியாயிடுச்சு. துத்தநாகம் 745க்கு 276, ஈயம் 3760க்கு 1940. அதனால "புழு உயிரோட இருக்கு, மண் நல்லா இருக்கு"ன்னு யாராவது சொன்னா நான் கேக்கற கேள்வி, குட்டி இருக்கா, முட்டைக்கூடு இருக்கா?

டவுட்டு_டேவிட்:
அக்கா ஒரு டவுட்டு. காட்மியம்லாம் அவ்ளோ விஷம்ன்றாங்க, அப்றம் எப்டி 300 வரைக்கும் தாங்குது? புழு உடம்புல என்ன நடக்குது?

மண்_லேப்:
நல்ல கேள்வி டேவிட். புழுவோட குடலைச் சுத்தி மஞ்சளா ஒரு திசு இருக்கும், குளோரகோஜன் திசுன்னு பேரு, கிட்டத்தட்ட நம்ம கல்லீரல் செய்யற வேலைதான். காட்மியம் உள்ள வந்ததும் மெட்டலோதயோனின்னு ஒரு புரதத்தை உடம்பு நிறைய உண்டாக்கும், அதுல கந்தகம் ஜாஸ்தி, காட்மியத்த புடிச்சு இறுக்கி வெச்சுக்கும். வேண்டாத சாமானை சாக்குல கட்டி மூலையில போடற மாதிரின்னு வெச்சுக்கங்க. ஈயம் வேற மாதிரி, அது கால்சியம் பாஸ்பேட் துகள்களுக்குள்ள போய் உட்காந்துக்கும். துத்தநாகம், தாமிரம் ரெண்டும் உடம்புக்கே கொஞ்சம் தேவை, அதனால ஒரு அளவு வரைக்கும் புழுவே கட்டுப்படுத்தி மிச்சத்த வெளிய தள்ளிடும். காட்மியத்துக்கு அந்த வசதி கிடையாது, உள்ள போனா வெளிய வர ரொம்ப நாள் ஆகும். அதனாலதான் மண்ணுல இருக்கறத விட புழு உடம்புல காட்மியம் பல மடங்கு ஜாஸ்தியா இருக்கும், ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் மண்ணுல இருக்கறத விட புழுவுல கம்மிதான். சுண்ணாம்பு சத்து இல்லாத புளிச்ச மண்ணா இருந்தா மட்டும் ஈயமும் நல்லா ஏறும்.

இதெல்லாம் சும்மா நடக்காது, புரதம் பண்ண, துகள் பண்ண எல்லாத்துக்கும் சக்தி செலவாகும், அந்த சக்தி வளர்ச்சிலயிருந்தும் முட்டைலயிருந்தும்தான் போகணும்.

இன்னொன்னு, சில இடத்துல தலைமுறை தலைமுறையா விஷ மண்ணுலயே இருந்து பழகின புழுங்க இருக்கு. இங்கிலாந்துல டெவன் பக்கம் டெவன் கிரேட் கன்சோல்ஸ்னு 19ஆம் நூற்றாண்டு தாமிர ஆர்சனிக் சுரங்கம், அந்த கழிவு மேட்டுல லம்ப்ரிக்கஸ் ரூபெல்லஸ் புழு ஜாலியா இருக்கு, சுத்தமான இடத்துல இருந்து அதே இனத்த கொண்டு வந்து அந்த மண்ணுல விட்டா தாங்கல. அந்த மேட்டுல புழுவ பாத்துட்டு யாராவது நல்ல மண்ணுன்னு கீரை போட்டா என்ன ஆகும்?

கொக்கு_நோக்கி:
பறவை பாக்கறவன்ற முறைல ஒரு வார்த்தை. ஏர் ஓட்டுனா பின்னாடியே உண்ணிக்கொக்கும் மைனாவும் வருதே, எதுக்கு? புழுவுக்குத்தான். புழு சாக்குல கட்டி வெச்சதெல்லாம் அப்படியே கொக்குக்கு போகும். ஐரோப்பால மூஞ்சூறு, வளைக்கரடி மாதிரி புழு தின்னிகளோட சிறுநீரகத்துல காட்மியம் ஏறுனத நிறைய பேர் அளந்திருக்காங்க. புழு சாகலன்னா அதுல சந்தோஷப்பட ஒண்ணுமில்ல, பாதி நேரம் சாகாத புழுதான் மேல கடத்துது.

பாலாத்துப்பையன்:
அக்கா ரொம்ப நன்றி. எங்க வூட்டு கோழிங்க அங்கதான் மேயுது, இப்ப பயமா இருக்குது. குரோமியத்த பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லுங்களேன், எங்க ஏரியாவுக்கு அதான் முக்கியம்.

சிப்காட்_வாசி:
நான் ராணிப்பேட்டை, குரோமியம்னா எங்க ஊர் பேர்தான் முதல்ல வரும், அதனால நானே ஆரம்பிக்கறேன். இங்க சிப்காட்டுல தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, தோல் பதனிடறதுக்கு வேண்டிய குரோமியம் உப்பெல்லாம் பண்ணுவாங்க. 90கள் நடுவுல மூடிட்டாங்க. மூடும்போது வளாகத்துலயே கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் டன் குரோமியம் கழிவு மலை மாதிரி நின்னுச்சு, அடில எந்த தடுப்பும் இல்லாம. மழை பேஞ்சா மஞ்சளா தண்ணி கசிஞ்சு வரும், பேப்பர்ல டிவில எல்லாம் வந்த படம்தான் அது. 2006ல அமெரிக்காவோட பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகத்துலயே ரொம்ப கெட்டுப்போன பத்து இடம்னு போட்ட லிஸ்ட்ல செர்னோபில்லோட எங்க ஊரும் இருந்துச்சு. பெருமைப்பட வேற விஷயம் கிடைக்கல.

1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ். அதுல தோல் தொழிற்சாலை பெல்ட்டுல சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போச்சுன்னு எழுதிருக்காங்க. மாசு பண்ணவன் காசு கட்டணும்ன்ற கொள்கைய இந்தியால பெருசா பேசுன தீர்ப்புல அதுவும் ஒண்ணு. அந்த 35,000 ஹெக்டேர்ல எவ்ளோ புழு இருந்துச்சுன்னு யாரு எண்ணப் போறாங்க.

மண்_லேப்:
சிப்காட் அண்ணா சொன்ன அந்த மஞ்சள் தண்ணி முக்கியமான விஷயம். குரோமியம் ரெண்டு முகமா இருக்கும், குரோமியம் 3, குரோமியம் 6. தோல் பதனிட பயன்படுத்தற பேசிக் குரோமியம் சல்ஃபேட் 3தான். அது மண்ணுல போய் களிமண்ணோட, மக்குன பொருளோட ஒட்டிக்கிட்டு ஹைட்ராக்சைடா படிஞ்சிடும், சாதாரண மண்ணுல பெருசா கரையாது, அதனால புழுவோட தோல் வழியா போறதும் கம்மி. குரோமியம் 6 அப்படி இல்ல, குரோமேட்டா தண்ணில கரைஞ்சு மண்ணு பூரா ஓடும், உயிரணுக்குள்ள சல்ஃபேட் போற வாசல் வழியாவே நுழைஞ்சிடும், உள்ள போய் 3ஆ மாறும்போதுதான் டிஎன்ஏ வரைக்கும் சேதம் பண்ணும். புழுவுக்கு ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம். மஞ்சள் கசிவுன்னா அது 6. ராணிப்பேட்டை கழிவு குரோமைட் தாதுவ சோடாவோட வறுத்து எடுத்த மிச்சம், அதனாலதான் அங்க 6. உங்க ஓடை தோல் ஷாப்பு தண்ணி ஓடுனது, அங்க பெரும்பாலும் 3 படிஞ்சிருக்கும். ரெண்டையும் ஒண்ணா போட்டு பயப்படக்கூடாது.

அதுக்காக 3ன்னா நிம்மதின்னும் இல்ல, மண்ணுல மாங்கனீசு ஆக்சைடு இருந்தா அதுல கொஞ்சம் 6ஆ மாறலாம். எதிர்ப்பக்கம், சாணி, தொழு உரம், மக்குன இலைன்னு கரிமப் பொருள் நிறைய இருந்தா 6 திரும்ப 3ஆ இறங்கும்.

மொத்த குரோமியம் எவ்ளோன்னு ஒரு நம்பர் மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. நாமக்கல் சித்தம்பூண்டி பக்கம் பாறையிலயே குரோமைட் இருக்கு, அங்க மண்ண எடுத்து டெஸ்ட் பண்ணா மொத்த குரோமியம் ஏகத்துக்கு வரும், ஆனா அது கனிமத்துக்குள்ள பூட்டிக் கிடக்கு.

ஓய்வு_வேளாண்:
நான் வேளாண்மைத் துறையில இருந்து ரிட்டயர் ஆனவன், பாலாறு பக்கமும் சில வருஷம் வேலை பாத்தேன். எல்லாரும் குரோமியம் குரோமியம்னு பேசறீங்க, ஒருத்தர் கூட உப்பைப் பத்தி பேசல. பச்சைத் தோல் அழுகாம இருக்க கறி உப்பு கொட்டித்தான் வண்டியில வரும். அதை ஊற வெச்சு அலசற தண்ணி அப்படியே உப்புக் கரைசல். ஒரு கிலோ தோல் பதனிட கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணி செலவாகும்னு அந்த தீர்ப்புலயே இருக்கு. குரோமியம் ஓடையில படிஞ்சு ஒரே இடத்துல நின்னுடும், உப்பு நிக்காது, கெணத்துக்கு போகும், கெணத்துல இருந்து மோட்டார் போட்டு நாமளே நெலத்துக்கு ஏத்துவோம். தம்பி கெணத்து தண்ணி வாய்ல வெக்க முடியலன்னு சொல்றாரே, அது குரோமியம் ருசியா?

மண்புழு உடம்புல பெரும்பங்கு தண்ணி, தோல் மெல்லிசு, உப்பு மண்ணுல விட்டா தண்ணி வெளிய போய் சுருங்கிடும். சோடியம் ஏறுன மண்ணுல களி கலைஞ்சு மேல ஓடு கட்டிக்கும், தண்ணி இறங்காது, காத்து போகாது, பயிர் வராது, பயிர் வரலன்னா தின்ன சருகும் இல்ல. இதுல புழு எப்படி வாழும்? என் அனுபவத்துல இந்த பெல்ட்டுல புழு போனதுக்கு பத்துக்கு எட்டு இடத்துல முதல் காரணம் உப்பு.

சிப்காட்_வாசி:
ஐயா மன்னிக்கணும், இப்டி சொல்லி சொல்லித்தான் குரோமியத்த எல்லாரும் லேசா எடுத்துக்கறாங்க. உப்புன்னா அய்யோ பாவம் இயற்கைன்னு போயிடும், குரோமியம்னாத்தான் யாரு பண்ணதுன்னு கேள்வி வரும்.

ஓய்வு_வேளாண்:
உப்பும் அதே பைப்புல இருந்துதான் தம்பி வந்துச்சு, இயற்கைன்னு யாரு சொன்னா. காரணம் தப்பா சொன்னா வைத்தியம் தப்பாப் போகும், அதான் என் கவலை. உப்புன்னா ஜிப்சம் போட்டு நல்ல தண்ணி விட்டு வடிக்கலாம், வருஷக் கணக்குல ஆகும், ஆனா முடியும். குரோமியம்னா வேற வழி. ரெண்டும் இருந்தா ரெண்டையும் பாக்கணும்.

மண்_லேப்:
நான் ஐயா பக்கம்தான், ஆனா ஒரு சின்ன திருத்தம். உப்பும் உலோகமும் தனித்தனியா வேலை செய்யாது. உப்பு ஜாஸ்தியான இடத்துல குளோரைடு காட்மியத்தோட சேந்து அதை மண்ணுல இருந்து கழட்டி கரைய வெக்கும், உப்புல தளர்ந்து போன புழு கம்மி உலோகத்துக்கே விழுந்துடும். அதனால பத்துக்கு எட்டு இதுன்னு பிரிக்கறது கஷ்டம், நெலத்துக்கு நெலம் டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்.

இன்னொரு வித்தியாசம், ஈயம், காட்மியம், துத்தநாகம் பிரச்சினைன்னா சுண்ணாம்பு போடுவாங்க, பிஹெச் (மண்ணோட புளிப்பு-கார அளவு) ஏறுனா அது மண்ணோட இறுகி புழுவுக்கு கிடைக்கறது குறையும். குரோமியம் 6 இருக்கற இடத்துல அதே வைத்தியம் உதவாது, காரம் ஏற ஏற குரோமேட் மண்ணோட ஒட்டாம இன்னும் ஓடும். ஏற்கனவே கார மண்ணு இருக்கற பாலாத்து பக்கம் யாராவது கன உலோகத்துக்கு சுண்ணாம்பு போடுன்னு சொன்னா கேக்காதீங்க.

கோத்தகிரிக்காரன்:
டாபிக் மாறுதுன்னு நினைக்காதீங்க, தாமிரம் பத்தி ஒண்ணு. எங்க மலையில தேயிலைக்கு கொப்புள நோய் வரும், 1946 வாக்குல தென்னிந்தியாவுக்கு வந்துச்சும்பாங்க, அப்பத்துல இருந்து காப்பர் ஆக்சிகுளோரைடு அடிச்சுட்டே இருக்கோம். தாமிரம் எங்கயும் போகாதில்ல, இத்தனை வருஷம் அடிச்சது அதே மண்ணுலதான இருக்கணும். மண்_லேப் மேடம் சொன்ன 53ன்ற நம்பர பாத்ததும் பக்குன்னு இருந்துச்சு.

மண்_லேப்:
பயப்பட அவசரம் வேண்டாம் அண்ணா. அந்த 53 லேப்ல புதுசா உப்பா கரைச்சு ஊத்துன தாமிரம். வயல்ல வருஷக்கணக்கா கிடந்து மண்ணோட இறுகிப்போன தாமிரம் அதே அளவுல அவ்வளவு கடுமையா இருக்காது. இங்கிலாந்துல ஏவன்மவுத் உருக்காலைய சுத்தி இருந்த மண்ணுல துத்தநாகத்துக்கு இதையே பாத்தாங்க, லேப் மண்ணுல பத்து மடங்குக்கு மேல கடுமையா இருந்துச்சு. ஆனா தேயிலை மண் புளிச்ச மண், தாமிரம் புளிப்புல நல்லா கரையும், அதனால உங்களுக்கு டெஸ்ட் அவசியம்தான்.

தாமிரம் சேந்துபோன இடத்துல என்ன ஆகும்னு பழைய உதாரணம் இருக்கு. இங்கிலாந்துல சில ஆப்பிள் தோட்டங்கள்ல வருஷா வருஷம் தாமிர மருந்தடிச்சு புழுவே இல்லாம போய், உதிர்ந்த இலை மக்காம மேல மெத்தையா சேந்துடுச்சு. ஏவன்மவுத்லயும் ஆலைக்கு பக்கத்து காட்டுல அதே மாதிரி சருகு குவிஞ்சு கிடந்துச்சு. உங்க தோட்டத்துல கவாத்து சருகு எவ்ளோ நாள்ல மக்குதுன்னு கவனிச்சு பாருங்க, புழு எண்ண நேரமில்லன்னா அதுவே ஒரு துப்பு.

கொங்கு_மண்புழு:
எல்லாஞ் சரிங்க மேடம், ஆனா மண்புழு உரமாக்குனா கழிவுல உலோகம் குறையுதுன்னு நானே பேப்பர்ல படிச்சிருக்கனுங்க. சும்மா எங்க தொழிலை கெடுக்காதீங்க.

மண்_லேப்:
உங்க தொழிலை கெடுக்கல அண்ணா, நல்ல கழிவுல போட்ட மண்புழு உரம் நல்ல பொருள்தான். சில ஆய்வுல குறையுதுன்னுதான் வரும், ஏன்னா புழு உடம்புல கொஞ்சம் ஏறிடும், கரையற பங்கும் மக்குன பொருளோட ஒட்டிக்கிட்டு குறையும். ஆனா மொத்த அளவு பல நேரம் ஏறும். கணக்கு சிம்பிள், நூறு கிலோ கழிவு மக்கி நாப்பது கிலோ ஆகுது, போனதெல்லாம் கரியும் தண்ணியும், உலோகம் போகல, அப்ப ஒரு கிலோவுக்கு எவ்ளோன்னு பாத்தா ஏறத்தானே செய்யும்? அதனாலதான் உரக் கட்டுப்பாட்டு ஆணையில மண்புழு உரத்துக்கு உச்ச அளவு போட்டிருக்காங்க, கிலோவுக்கு காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100 மில்லிகிராம். மாநகராட்சி குப்பைய பேட்டரி, பெயின்ட் டப்பா, டியூப்லைட்டோட அள்ளிட்டு வந்து புழுத் தொட்டில போடறவங்க இந்த டெஸ்ட் ரிப்போர்ட் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

இன்னும் ஒண்ணு, தொட்டில வளக்கற புழு யூட்ரிலஸ் யூஜீனியே ஆப்பிரிக்கா புழு, ஐசீனியா ஃபெட்டிடா ஐரோப்பா புழு. ரெண்டும் மக்குற குப்பைல மேலாக வாழற ஜாதி. வெறும் வயல் மண்ணுல விட்டா, மாசே இல்லன்னாலும், ஒண்ணு ஓடிடும் இல்ல செத்துடும். நம்ம வயல்ல எச்சம் போடறது பெரும்பாலும் லாம்பிடோ மவுரிட்டி மாதிரி நாட்டுப் புழு, அது மண்ணத் தின்னு வளை தோண்டி வாழறது, தொட்டில வளக்கறவங்க கிட்ட விலைக்கு கிடைக்கறது அது இல்ல. மண்ணு சரியாச்சுன்னா மேட்டு பக்கத்துல இருந்து தானே இறங்கி வரும். பாலாத்து தம்பி, காசு குடுக்காதீங்க.

கொங்கு_மண்புழு:
தொட்டிப் புழு வயல்ல நிக்காதுன்றது எங்களுக்கும் தெரியுமுங்க. நாங்க சொல்றது உரத்தோட சேத்து, மூடாக்கு போட்டு விடறது. மூடாக்கு இருந்தா நிக்குதுங்க, எங்க தென்னந்தோப்புல வந்து பாருங்க.

டவுட்டு_டேவிட்:
தென்னந்தோப்புல உப்பும் இல்ல குரோமியமும் இல்லல்ல அண்ணா 😄

பாலாத்துப்பையன்:
சரி, இப்ப நான் இன்னா பண்ணனும்? மண்ண எங்க குடுக்கறது, இன்னா டெஸ்ட் கேக்கறது?

ஓய்வு_வேளாண்:
முதல்ல சாதாரண மண் பரிசோதனை நிலையத்துலயே பிஹெச், இசி (மின்கடத்துத்திறன், உப்பு எவ்ளோன்னு காட்டும்) பாத்துடுங்க, பரிமாற்ற சோடியமும் (களியோட ஒட்டியிருக்கற சோடியம்) கேளுங்க. கிணத்து தண்ணியும் சேத்து குடுங்க, தண்ணிய விட்டுட்டு மண்ண மட்டும் பாக்கறதுல பிரயோஜனம் இல்ல. பிஹெச் 8.5க்கு மேல, சோடியம் 15 சதவீதத்துக்கு மேலன்னா அது களர், ஜிப்சம் கணக்கு அங்கயே போட்டுத் தருவாங்க. மாதிரி எடுக்கும்போது மேட்டு பக்கத்து மண் தனியா, ஓடை பக்கத்து மண் தனியா. ரெண்டையும் கலந்து குடுத்துட்டு சராசரி நம்பர வெச்சு குழம்பறவங்க நிறைய பேர்.

மண்_லேப்:
அதோட கன உலோகத்துக்கு தனி லேப்ல குடுக்கணும், சாதாரண நிலையத்துல குரோமியம் பாக்க மாட்டாங்க. மொத்த குரோமியம் மட்டும் வேண்டாம், குரோமியம் 6 தனியா கேளுங்க. தண்ணிலயும் பாருங்க, குடிதண்ணிக்கு இந்திய தர அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மொத்த குரோமியம். 6 இருக்கான்னு மட்டும் பாக்க டைஃபினைல் கார்பசைடு கிட் இருக்கு, இருந்தா ரோஸ் ஊதா கலர் வரும்.

வீட்லயே பண்ற மாதிரி ஒரு புழு டெஸ்டும் சொல்றேன், இது உலக அளவுல தரப்படுத்துன முறையோட எளிய வடிவம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவ நடுவுல அட்டை வெச்சு பிரிச்சு ஒரு பக்கம் மேட்டு மண், ஒரு பக்கம் ஓடை மண், ரெண்டும் ஒரே ஈரம். அட்டைய எடுத்துட்டு நடுக்கோட்டுல 10 புழு விடுங்க, மேட்டு பக்கத்துல தோண்டி எடுத்த நாட்டுப் புழுவே போதும். மேல ஓட்டை போட்டு மூடி 48 மணி நேரம். திரும்ப அட்டைய நடுவுல சொருகி எந்த பக்கம் எத்தனைன்னு எண்ணுங்க. சந்தேக மண்ணுல ரெண்டு புழுவுக்கும் கம்மியா இருந்தா அந்த மண் புழு வாழ லாயக்கில்லன்னு அர்த்தம். ஒரு டப்பால பண்ணிட்டு நிறுத்தாதீங்க, நாலஞ்சு டப்பா வெச்சு பாருங்க. ரெண்டு பக்கமும் மேட்டு மண்ணே போட்ட டப்பா ஒண்ணும் வேணும்.

டவுட்டு_டேவிட்:
ஆனா அக்கா அதுல உப்புக்கு ஓடுச்சா குரோமியத்துக்கு ஓடுச்சான்னு எப்படி தெரியும்? ஓடை மண்ண நல்ல தண்ணி ஊத்தி ஊத்தி அலசிட்டு மறுபடி வெச்சா? அப்ப புழு திரும்பி வந்தா உப்புதான் காரணம்னு சொல்லலாம்ல?

மண்_லேப்:
அருமையா யோசிச்சிருக்க, ஆனா ஒரு ஓட்டை இருக்கு. குரோமியம் 6உம் தண்ணில கரையற ஆளுதான், உப்போட சேந்து அதுவும் அலசிட்டு போயிடும். அதனால அலசுன தண்ணிய கொட்டாம கிட்ல போட்டு பாரு. கலர் வரலன்னா 6 இல்ல, அப்ப அலசுன மண்ணுக்கு புழு வந்தா உப்புன்னு தைரியமா சொல்லலாம். அலசியும் வரலன்னா படிஞ்சு கிடக்கற உலோகத்தையோ மண்ணு இறுக்கத்தையோ சந்தேகப்படணும். கலர் வந்துச்சுன்னா அந்த தண்ணிய கை படாம பத்திரமா வெச்சு லேப்ல குடுத்துடுங்க, ஓடைல ஊத்தாதீங்க.

பாலாத்துப்பையன்:
எல்லாரும் இவ்ளோ எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. மண்ணும் தண்ணியும் குடுத்தாச்சு, முதல் ரிப்போர்ட் மட்டும் வந்துருக்குது. ஓடை பக்கம் பிஹெச் 8.5ஐ தாண்டிடுச்சு, இசி ரொம்ப ஜாஸ்தின்னு செவப்புல போட்டுருக்காங்க, சோடியமும் களர் அளவுக்கு மேல. மேட்டு பக்கம் ஓரளவு நார்மல். டப்பா டெஸ்ட்ல எல்லா டப்பாலயும் புழு மேட்டு மண்ணு பக்கமே போய்க்கிச்சு. அலசுன தண்ணில கிட் கலர் வரல. அலசுன மண்ண வெச்சு பண்ணதுல சில டப்பால புழு ரெண்டு பக்கமும் இருந்துச்சு, சிலதுல இன்னும் மேட்டு பக்கம்தான் ஜாஸ்தி. குரோமியம் லேப் ரிசல்ட்டு இன்னும் வரல. பெரியப்பா கிட்ட காட்டுனேன், "அப்பவும் வித்துடு"ன்றார்.

ஓய்வு_வேளாண்:
விக்காதீங்க. ஜிப்சம் போடறதுக்கு முன்னாடி வடிகால் வழி பாத்துக்கங்க, வடியாம ஜிப்சம் போட்டா காசு மண்ணுலயே நின்னுடும், வடியற தண்ணி பக்கத்து நெலத்துக்கு போகாம பாத்துக்கங்க. கிணத்து தண்ணி ரிப்போர்ட்ல சோடியம் அளவு என்னன்னு போடுங்க, அத வெச்சுத்தான் மழைத் தண்ணிக்கு பண்ணைக்குட்டை வேணுமான்னு சொல்ல முடியும். அதுவரைக்கும் ஓடை பக்கம் தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுங்க, உப்பையும் ஓரளவு தாங்கும், மண்ணுல கரிமமும் ஏறும்.

மண்_லேப்:
தக்கைப்பூண்டுக்கு என் ஓட்டும். மக்குன பொருள் ஏறுனா குரோமியம் பக்கமும் நல்லதுதான். லேப் ரிசல்ட் வந்தா மொத்தம், 6 ரெண்டும் இங்கயே போடு தம்பி. கோழிய மட்டும் அதுவரைக்கும் மேட்டு பக்கம் மேய விடு.

கோத்தகிரிக்காரன்:
நானும் தாமிரத்துக்கு மண் குடுத்திருக்கேன். ரிசல்ட் வந்தா தனி இழை ஆரம்பிக்கறேன், இது பாலாத்துக்கே இருக்கட்டும்.